ஐந்து பேரும் எஸ்எஸ்ஆர், ஆனாலும் பாஸ் விழவில்லை: நிக்கி ஆட்டத்தில் எங்கே பிசகுகிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பாத்திரங்களைச் சேர்த்துப் படை அமைத்துச் சுடும் கைபேசி ஆட்டமான ‘கடஸ் ஆஃப் விக்டரி: நிக்கி’ ஆடுகிறீர்கள். படையில் லிட்டர், ஆலிஸ், மேக்ஸ்வெல், ஸ்கார்லெட், பிரிவடி என்று ஐந்து பேரும் எஸ்எஸ்ஆர், அதாவது ஆட்டத்தின் மிக அரிதான பாத்திர வகை. லெவல் 78. ஸ்டேஜ் கேட்கும் பவரைவிட உங்கள் பவர் 12 சதவீதம் குறைவு. அத்தியாயத்தின் கடைசிப் பெரிய எதிரியான பாஸிடம் திரும்பத் திரும்பத் தோற்கிறீர்கள். டோலா, சென்டி, பெப்பர், ராபி, அனிஸ், நியான் ஆகியோர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் ஆட்டத்தின் நாணயமான ஜெம் 9,000 இருக்கிறது. மேலே பணம் போட்டுப் புது பேனரை (ஒரு பாத்திரத்தை முன்னிறுத்தி நடக்கும் குலுக்கலை) இழுக்கலாமா என்பது உங்கள் கேள்வி. எந்த அனிமேவைப் பார்த்தால் கதை புரியும் என்றும் கூடவே கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். எந்த அனிமேவும் பார்க்க வேண்டாம். இது அனிமே பாணியில் வரையப்பட்ட ஆட்டம். ஒரு அனிமேவிலிருந்து எடுக்கப்பட்டதல்ல. தென்கொரியாவின் ஷிஃப்ட் அப் நிறுவனம் உருவாக்கி, 2022 நவம்பர் 4 அன்று வெளிவந்தது. கதையும் பாத்திரங்களும் அவர்களுடையவை. செயின்சா மேன், எவாஞ்சலியன் போன்றவற்றின் பாத்திரங்கள் இடையிடையே கூட்டு நிகழ்வுகளில் விருந்தாளிகளாக வந்து போனதுண்டு, அவ்வளவுதான்.

இனி முக்கியமான விஷயம். பேனரை இழுக்கலாமா என்று கேட்டாலும், உண்மையில் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது ‘எனக்கு ஆள் போதவில்லையா’ என்பதைத்தான். ஆள் போதும். படையை அடுக்கிய விதம்தான் தவறு. உங்கள் ஐந்து பேரில் பர்ஸ்ட் 2 வகையில், அதாவது சிறப்பு ஸ்கில்லை இரண்டாவது படியில் பயன்படுத்தும் வகையில், ஒருவர்கூட இல்லை. அதனால் அந்தப் படையால் ஒரு சண்டையில் ஒரு தடவைகூட ஃபுல் பர்ஸ்டுக்குள் (படையின் அடி கூடும் சிறப்பு நேரம்) நுழைய முடியாது. இதை உறுதியாகச் சொல்கிறேன், இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

ஒவ்வொரு பாத்திரத்தின் படத்திலும் ரோமன் எண்ணில் 1, 2, 3 என்று ஒரு குறி இருக்கும். சுடச்சுட பர்ஸ்ட் கேஜ் நிரம்பும். நிரம்பியதும் பர்ஸ்ட் 1 வகையைச் சேர்ந்தவரின் பட்டன் எரியும். அதை அழுத்தினால் பர்ஸ்ட் 2 திறக்கும், அதை அழுத்தினால் பர்ஸ்ட் 3. மூன்றும் வரிசையாக முடிந்தால்தான் 10 நொடி ஃபுல் பர்ஸ்ட் கிடைக்கும். நடுவில் ஒரு படி இல்லையென்றால் சிறிது நேரம் காத்திருந்துவிட்டுச் சங்கிலி அறுந்துபோகும். கேஜை மறுபடி முதலிலிருந்து நிரப்ப வேண்டும். உங்கள் சண்டையில் லிட்டரின் பட்டன் எரிந்திருக்கும், அழுத்தியிருப்பீர்கள், அதற்குப் பிறகு எதுவுமே எரிந்திருக்காது. ஆலிஸ், ஸ்கார்லெட் இருவரின் பெரிய அடியெல்லாம் பர்ஸ்ட் 3 படியில்தான் இருக்கிறது. அந்தப் படியை உங்கள் படை எட்டியதே இல்லை.

லிட்டர் பர்ஸ்ட் 1. மற்ற நால்வரும் பர்ஸ்ட் 3. ஆட்டோவில் படையை நிரப்பச் சொன்னால் பவர் கூடுதலாக உள்ளவர்களை முன்னால் தள்ளும். அதை நம்பி அப்படியே விட்டால் இதுபோல ஒரு படி விடுபடுவது சகஜம். அடுத்த தடவை படை அடுக்கும்போது பவரைப் பார்ப்பதற்கு முன்னால் 1, 2, 3 மூன்றும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எந்த வகையில் எத்தனை பேர் வேண்டும் என்பது கூல்டவுன் கணக்கிலிருந்து, அதாவது ஒருமுறை அழுத்திய பர்ஸ்டை மறுபடி அழுத்தக் காத்திருக்கும் நேரத்திலிருந்து, வருகிறது. பர்ஸ்ட் 1, பர்ஸ்ட் 2 வகையில் பெரும்பாலானோருக்குக் கூல்டவுன் 20 நொடி. பர்ஸ்ட் 3 வகையில் பெரும்பாலானோருக்கு 40 நொடி. ஃபுல் பர்ஸ்ட் 10 நொடி ஓடும், பிறகு கேஜ் மறுபடி நிரம்பச் சில நொடி ஆகும். ஆக, ஒரு சுற்று ஏறக்குறைய 20 நொடி. பர்ஸ்ட் 3 ஒருவர்தான் என்றால் அவருடைய 40 நொடி முடியும்வரை அடுத்த ஃபுல் பர்ஸ்ட் இல்லை. இரண்டு பேர் இருந்தால் மாறி மாறி அழுத்தி 20 நொடிக்கு ஒன்று எடுத்துவிடலாம். மூன்றாவதாக ஒரு பர்ஸ்ட் 3 வந்தால் அவருக்குப் பெரும்பாலும் முறையே வராது. சாதாரணமாகச் சுடுவதோடு சரி. நான்காவது ஆள் வீண். 20 நொடியைத் தாண்டிய கூல்டவுன் உள்ள பர்ஸ்ட் 1, 2 பாத்திரங்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தனியாக வைத்தால் சுற்று முழுவதும் தாமதமாகும். சேர்ப்பதற்கு முன் பர்ஸ்ட் ஸ்கில்லின் கூல்டவுனைப் படித்துவிடுங்கள்.

இந்தக் கணக்கில் கூல்டவுனைக் குறைக்கும் பாத்திரங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. உங்களிடம் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள்: லிட்டரும் டோலாவும். கூல்டவுன் குறைகிறபோது கேஜ் நிரம்பிய பிறகும் பட்டன் எரியாமல் காத்திருக்கும் அந்தச் சில நொடிகள் மிச்சமாகும். ஒரு சண்டை முழுக்க அது சேர்ந்தால் ஒன்றிரண்டு ஃபுல் பர்ஸ்ட் கூடுதலாகக் கிடைக்கும். புதிதாக ஆடுபவர்கள் காசு போட்டு வாங்க நினைக்கும் பலம் இதுதான், உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

நான் சொல்லும் படை: லிட்டர், விடுபட்ட பர்ஸ்ட் 2 படிக்கு டோலா, ஆலிஸ், ஸ்கார்லெட், ஐந்தாவதாக ஒருவர். அந்த ஐந்தாவது ஆளைத் தோற்கும் விதத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள். நேரம் முடிந்து தோற்கிறீர்கள், ஆனால் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்றால் அடி போதவில்லை. மேக்ஸ்வெலையோ பிரிவடியையோ வையுங்கள். ஆட்கள் ஒவ்வொருவராக விழுகிறார்கள் என்றால் குணப்படுத்தும் பெப்பரை வையுங்கள். பெப்பரும் பர்ஸ்ட் 1 தான். லிட்டரை அவருக்கு இடப்பக்கம் நிறுத்துங்கள். ஆட்டோ பர்ஸ்ட் இடமிருந்து வலமாகத்தான் ஆளை எடுக்கும். ஒரே அடியில் மொத்தப் படையும் சரிகிறது என்றால் குணப்படுத்தி அங்கே பயனில்லை. சென்டியின் ஷீல்டு உதவலாம், ஆனால் அதைவிட அந்த அடியை வரவிடாமல் தடுப்பதே சரி. அதற்குக் கீழே வருகிறேன்.

டோலா இப்போது லெவல் 1 என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்காகப் புதிதாக எதையும் செலவழிக்க வேண்டாம். சிங்க்ரோ டிவைஸில் ஒரு இடத்தில் அவரைப் போட்டால் போதும். உங்களிடம் லெவல் அதிகமுள்ள ஐந்து பேரில் கடைசி ஆளின் லெவல் எதுவோ, அதே லெவல் அங்கே போட்ட எல்லோருக்கும் வந்துவிடும். அதனால் ஐந்து பேரையும் சமமாக ஏற்றிக்கொண்டு போவதே லாபம். ஒருவரை மட்டும் மேலே கொண்டுபோனால் மற்றவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. தவறுதலாக யாரையாவது ஏற்றிவிட்டீர்கள் என்றால் 10 ஜெம் கொடுத்து லெவலை ரீசெட் செய்யலாம், போட்ட பொருள் திரும்பி வந்துவிடும்.

இங்கே ஒரு தடை முன்னால் வரப்போகிறது. லிமிட் பிரேக் (லெவல் வரம்பை உயர்த்துவது) இல்லாத எஸ்எஸ்ஆர் லெவல் 80-இல் நின்றுவிடும். ஒவ்வொரு லிமிட் பிரேக்குக்கும் 40 லெவல் கூடும். அதற்கு அதே பாத்திரம் இன்னொன்று வேண்டும். நீங்கள் 78-இல் இருக்கிறீர்கள், இரண்டு லெவலில் முட்டுவீர்கள். எஸ்எஸ்ஆருக்கு ஒரு படி கீழான எஸ்ஆர் வகைப் பாத்திரங்கள் குலுக்கலில் அடிக்கடி விழுவதால் அவர்களுடைய லிமிட் பிரேக் சீக்கிரம் முடியும். ஆகவே, சிங்க்ரோவுக்கு அடித்தளமாக ராபி, அனிஸ், நியான் போன்றவர்களை ஏற்றி, உங்கள் எஸ்எஸ்ஆர் எல்லோரையும் சிங்க்ரோ இடங்களில் உட்கார வைப்பது நல்ல வழி. சிங்க்ரோவில் இருப்பவருக்குச் சொந்த லிமிட் பிரேக் இல்லாவிட்டாலும் அடித்தளத்தின் லெவல் கிடைக்கும். எஸ்ஆர் அடித்தளம் 160 வரை கொண்டுபோகும். அங்கேதான் ஆட்டக்காரர்கள் வெகுகாலமாகப் பேசும் ‘160 சுவர்’ வருகிறது: அதற்கு மேலே போக மூன்று லிமிட் பிரேக் முடித்த எஸ்எஸ்ஆர் ஐந்து பேர், அதாவது ஒவ்வொருவரிலும் நான்கு பிரதி. இப்படிப்பட்ட விதிகளை நிறுவனம் அப்டேட்டில் தளர்த்துவதுண்டு. நீங்கள் அங்கே போய்ச் சேரும்போது சிங்க்ரோ திரை என்ன கேட்கிறதோ அதுவே சட்டம்.

பவர் 12 சதவீதம் குறைவு என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்டேஜ் கேட்கும் பவருக்குக் கீழே இருந்தால் ஆட்டம் உங்கள் படையின் பலத்தைக் குறைத்துத்தான் சண்டைக்கு அனுப்பும். இடைவெளி கூடக்கூடக் குறைப்பும் கூடும். இது நிச்சயம். எத்தனை சதவீதம் வரை சமாளிக்கலாம் என்பது ஆட்டக்காரர்களின் அனுபவக் கணக்கு: பர்ஸ்ட் சங்கிலி ஒழுங்காக ஓடி, கையால் ஆடினால் 20 சதவீதம் வரை தாண்டுவோர் நிறைய, 30-க்கு மேல் நல்ல படைக்கே கஷ்டம். எனவே 12 சதவீதம் உங்கள் தோல்விக்குக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. டோலாவைச் சேர்த்தால் திரையில் காட்டும் பவர் இன்னும் கொஞ்சம் இறங்கக்கூடும், அதைக் கண்டு பயந்து மாற்றிவிடாதீர்கள். பவர் எண்ணுக்கு லெவலும் கருவியும் ஸ்கில் லெவலும் தெரியும்; பர்ஸ்ட் சங்கிலி முழுமையா என்பது தெரியாது.

அடுத்து, கையால் ஆடும் முறை. பாஸ் சண்டையை முழு ஆட்டோவில் விடாதீர்கள். பாஸ் பெரிய தாக்குதலுக்குத் தயாராகும்போது அதன் உடம்பில் சிவப்பு வட்டங்கள் தோன்றும். குறித்த நேரத்துக்குள் எல்லா வட்டத்தையும் சுட்டு உடைத்தால் தாக்குதல் ரத்தாகும். ஒன்று மிஞ்சினாலும் தாக்குதல் வந்துசேரும். ‘திடீரென்று எல்லோரும் ஒரே நேரத்தில் செத்துவிடுகிறார்கள்’ என்று நீங்கள் எழுதியது பெரும்பாலும் இதுதான். ஆட்டோவில் இருக்கும் பாத்திரங்கள் வட்டங்களைத் தேடி உடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. வட்டம் தெரிந்ததும் உடனே ஸ்கார்லெட்டின் படத்தைத் தட்டி அவருக்கு மாறுங்கள். அவர் கையில் இருப்பது அசால்ட் ரைஃபிள். குறியை நகர்த்திக்கொண்டே இரண்டு மூன்று வட்டங்களை வரிசையாக உடைக்கலாம். ஆலிஸ், மேக்ஸ்வெல், டோலா மூவரும் ஸ்நைப்பர். ஒவ்வொரு குண்டுக்கும் சார்ஜ் செய்ய வேண்டியிருப்பதால் சிதறிக் கிடக்கும் வட்டங்களுக்கு அவர்கள் தாமதம். ஃபுல் பர்ஸ்டை வட்டம் வரும் நேரத்துக்காகக் கொஞ்சம் பிடித்து வைப்பதும் உண்டு. அதற்கு ஆட்டோ பர்ஸ்டை அணைத்துவிட்டுக் கையால் அழுத்துங்கள்.

வட்டம் இல்லாத நேரத்தில் ஆலிஸைக் கையில் எடுங்கள். அவருடைய பர்ஸ்டில் சார்ஜ் வேகம் பெரிதாக ஏறும். அந்த 10 நொடியில் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டே இராமல், சார்ஜ் நிறைந்த கணமே விட்டு மறுபடி அழுத்தினால் ஆட்டோ சுடுவதைவிடக் கூடுதல் குண்டு போகும். சார்ஜ் நிறையாமல் விடும் குண்டில் அடி மிகக் குறைவு, அவசரப்படவும் கூடாது. விரலை எடுத்தால் பாத்திரம் மறைவுக்குள் போய் ரீலோட் செய்யும். இதை வைத்தே ஃபுல் பர்ஸ்ட் தொடங்குவதற்குச் சற்று முன் மேகசினை நிரப்பிக்கொள்ளலாம். ஃபுல் பர்ஸ்டின் நடுவில் ரீலோட் வந்தால் அந்த நொடிகள் போனதுதான். பிரிவடியின் ஸ்கில் எல்லோருடைய ரீலோடையும் வேகமாக்கும், ஆனால் மேகசின் அளவையும் குறைக்கும் என்பதை மனதில் வையுங்கள். பின்னாளில் மினிகன் பாத்திரம் கிடைத்தால் எதிர்மாறாக ஆட வேண்டும்: மினிகன் சுழன்று வேகம் பிடிக்க நேரமாகும், மறைவுக்குப் போனால் அந்த வேகம் போய்விடும். தேவையில்லாமல் விரலை எடுக்காதீர்கள்.

எங்கே சுடுகிறீர்கள் என்பதும் பெரிய வித்தியாசம் தரும். பல எதிரிகளுக்குச் சிவப்பாக ஒளிரும் கோர் இருக்கும். ஆட்டக்காரர்கள் அளந்து வைத்திருக்கும் கணக்குப்படி கோரில் பட்டால் அடிப்படை அடியுடன் இன்னொரு 100 சதவீதம், ஃபுல் பர்ஸ்டில் 50, கிரிட்டிக்கலுக்கு 50, ஆயுதத்துக்கு ஏற்ற தூரத்தில் எதிரி இருந்தால் 30 கூடும். இவை ஒன்றோடொன்று பெருக்கப்படாமல் கூட்டப்படுகின்றன. கோரும் ஃபுல் பர்ஸ்டும் அடியை ஏற்றும் என்பதை ஆடும்போதே கண்ணால் பார்க்கலாம். துல்லியமான சதவீதங்கள் சோதித்துக் கண்டவை என்பதால் அவற்றை ஓர் அளவுகோலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவுகோலே போதும்: கோரைக் குறிவைத்து ஃபுல் பர்ஸ்டில் சுடுவது, உடம்பில் எங்கேயோ பர்ஸ்ட் இல்லாமல் சுடுவதைப்போல இரண்டரை மடங்கு. லெவலை இரண்டு ஏற்றுவதால் இது வராது.

எலிமெண்ட் பொருத்தத்தைப் பற்றிப் புதியவர்கள் தேவைக்கு மேல் கவலைப்படுவதைப் பார்க்கிறேன். நெருப்பு காற்றை வெல்லும், காற்று இரும்பை, இரும்பு மின்சாரத்தை, மின்சாரம் தண்ணீரை, தண்ணீர் நெருப்பை. உங்கள் கட்டத்தில் இதனால் கிடைப்பது 10 சதவீதம்தான். அதற்காகப் பர்ஸ்ட் அடுக்கைக் கலைக்கக் கூடாது. கருவிகளில் எலிமெண்ட் போனஸ் சேர்க்கும் நிலை பின்னால் வரும், அப்போது இது பெரிய விஷயமாகும்.

பொருளை எதில் போடுவது என்றால், இப்போதைக்கு ஸ்கில்லின் லெவலை ஏற்றும் ஸ்கில் மேனுவலை ஐந்து பேருக்கும் பரப்ப வேண்டாம். லிட்டர், டோலா இருவரிடமும் கூல்டவுன் குறைப்பு எழுதியுள்ள ஸ்கில்லையும், ஆலிஸின் பர்ஸ்டையும் முதலில் ஏற்றுங்கள். ஆரம்ப லெவல்கள் மலிவு, மேலே போகப்போக விலை கடுமையாக ஏறும். 4, 5-இல் நிறுத்திவிட்டு அடுத்த ஆளுக்குப் போங்கள். பாத்திரங்களுக்கு மாட்டும் ஹார்மனி க்யூபில் ரீலோடை வேகமாக்கும் ரெசிலியன்ஸ் க்யூபும், சுடும்போதே குண்டைத் திருப்பித் தரும் பாஸ்டியன் க்யூபும் யாருக்கும் வீண்போகாது. தானாகச் சேர்ந்துகொண்டிருக்கும் அவுட்போஸ்ட் வருமானத்தை 24 மணி நேரத்துக்கு மேல் சேரவிடாதீர்கள், அதற்கு மேல் அது நிரம்பி நின்றுவிடும். நாளுக்கு ஒரு தடவை, சில மணி நேர வருமானத்தை உடனே தரும் இலவச வைப் அவுட் உண்டு. ஸ்டேஜ்களைத் தாண்டத் தாண்ட அவுட்போஸ்ட் வருமானமும் உயரும் என்பதால், மாட்டிக்கொண்ட பாஸைத் தாண்டினாலே லெவல் பிரச்சினை ஓரளவு தானாகத் தளரும்.

இப்போது அந்த 9,000 ஜெம். ஒரு இழுப்புக்கு 300 ஜெம், ஆக 30 இழுப்பு. மொத்த எஸ்எஸ்ஆர் வாய்ப்பு 4 சதவீதம். பேனரில் முன்னிறுத்தப்படும் பாத்திரத்துக்கு வழக்கமாக 2 சதவீதம், அவர் பில்கிரிம் என்ற அரிதான பிரிவு என்றால் 1 சதவீதம். 2 சதவீதத்தில் 30 இழுப்பில் ஒருமுறையாவது அவர் வர 45 சதவீத வாய்ப்பு, 1 சதவீதத்தில் 26 சதவீதம். 100 இழுத்தும் வராமல் போக முதல் வகையில் 13 சதவீதம், இரண்டாவதில் 37 சதவீத வாய்ப்பு உண்டு. இதற்கு முன் எத்தனை தடவை தவறியது என்பது அடுத்த இழுப்பின் வாய்ப்பைக் கூட்டாது. ‘இவ்வளவு போட்டாச்சு, இனி வந்துவிடும்’ என்ற எண்ணத்துக்குக் கணக்கில் இடமில்லை. உத்தரவாதம் என்று இருப்பது இழுப்புக்கு ஒன்றாகச் சேரும் மைலேஜ் டிக்கெட் மட்டும்: 200 தங்க டிக்கெட், அதாவது 60,000 ஜெம். நல்லது என்னவென்றால் அவை பேனர் மாறினாலும் அழியாமல் அடுத்ததற்குத் தொடரும்.

ஆகவே, பணம் போட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. பாத்திரம் பிடித்திருக்கிறது, அதற்காக வாங்குகிறேன் என்றால் அது உங்கள் விருப்பம். இந்த பாஸைத் தாண்டுவதற்காக என்றால் அந்தப் பணம் தேவையே இல்லை, புது ஆளும் பர்ஸ்ட் 3 ஆக வந்தால் உங்கள் குறை அப்படியே இருக்கும். 9,000 ஜெமைச் சேர்த்து வையுங்கள். பேனர் அல்லாத பொதுக் குலுக்கலான சாதாரண ரெக்ரூட்டில் ஜெம் போடாதீர்கள், அங்கே கிடைப்பது வெள்ளி டிக்கெட்தான். அதற்கு இலவசமாக வரும் வவுச்சர்களை மட்டும் பயன்படுத்துங்கள், 40 இழுப்பு முடிந்ததும் வேண்டிய பாத்திரங்களைக் குறிக்கும் விஷ்லிஸ்ட் திறக்கும். அதில் லிமிட் பிரேக்குக்குத் தேவையானவர்களையும் பர்ஸ்ட் 1, 2 வகையில் உதவி செய்பவர்களையும் போடுங்கள்.

நான் சொன்னதெல்லாம் கதை ஸ்டேஜ்களுக்கு. அரீனாவில் வேறு ஆளோடு மோதும்போது யார் முதலில் ஃபுல் பர்ஸ்ட் எடுக்கிறார் என்பதே முடிவு செய்யும். அங்கே இந்தப் படை சரிவராது. ரெய்டு பாஸ்களுக்கும் தனி அடுக்கு வேண்டும்.

டோலாவைச் சேர்த்து மூன்று தடவை ஆடிப் பாருங்கள். அப்படியும் விழவில்லை என்றால் மூன்று விவரங்களை மட்டும் கீழே எழுதுங்கள்: சண்டை முழுக்க எத்தனை ஃபுல் பர்ஸ்ட் கிடைத்தது, சிவப்பு வட்டத்தில் எத்தனை மிஞ்சியது, தோற்ற பிறகு வரும் புள்ளிவிவரத் திரையில் யாருடைய அடி மிகக் குறைவு. ஃபுல் பர்ஸ்ட் 20 நொடிக்கு ஒன்றுக்கும் குறைவாக வந்தால் அழுத்தும் நேரத்தில் பிசகு. வட்டம் மிஞ்சினால் ஐந்தாவது இடத்தில் பிரிவடியின் ரைஃபிளையும் சேர்க்க வேண்டும். ஆலிஸின் அடி டோலாவுக்குப் பக்கத்தில் நின்றால் அவருடைய கருவிகளும் ஸ்கில்லும் இன்னும் ஏற்றப்படவில்லை என்று பொருள்.